அடித்தண்ணீர்

புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரு முழுக்க ஒரே பேச்சாக இருந்த காலையில்தான் காத்தாயியின் மாடு தொட்டியில் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சினை மாடு. ஒரு நாள் அப்படி இருக்கும், ஒரு நாள் இப்படி இருக்கும். தவிட்டைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கையால் கலக்கி, ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். மாடு பெருமூச்சு விட்டது. நாக்கை நீட்டவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வால் முழுக்க நனைந்து, கால் வழியாகத் தண்ணீராகக் கழிந்திருந்தது. காதைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"என்னாங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வாசலில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து திருகாணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த ரெத்தினம், குரலின் தன்மையிலேயே எழுந்துவிட்டார். வந்து பார்த்தவர், மாட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு மாட்டை ஏற்றிப்போகக் குட்டி யானை வண்டிக்காரனுக்குப் போன் போட வெளியே போனார். அவர் தொட்டியைப் பார்த்ததைக் காத்தாயி அப்போது கவனிக்கவில்லை. பிறகுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மாட்டுக்குப் பெயர் பங்கு. அதன் தாய்க்கும் பங்குதான் பெயர். தாயின் தாய்க்கும் அதுதான். காத்தாயி சிறுபிள்ளையாக இருந்தபோது அவளுடைய அம்மா மேலத்தெருவிலிருந்து ஒரு கிடேரியை வாரத்துக்கு ஓட்டிவந்தாள். வாரம் என்றால் மாடு அவர்களுடையது, வளர்ப்பு நம்முடையது. முதல் ஈற்றுக் கன்று அவர்களுக்கு, அடுத்தது நமக்கு. முதல் கன்று கிடேரியாகப் பிறந்து, பால் மறப்பதற்குள் மேலத்தெருவுக்குப் போய்விட்டது. இரண்டாவதும் கிடேரியாகப் பிறந்த அன்று அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் கயிறு இருந்தது, முளைக்குச்சி இருந்தது, சாணிக்கூடை இருந்தது. மாடு மட்டும் யாருடையதாகவோ இருந்தது. "யாரு வூட்டுக் கன்னு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "எங்க பங்கு, எங்க பங்கு" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராக நின்றுவிட்டது.

காத்தாயி கல்யாணமாகி வந்தபோது அதன் வழி வந்த கன்று ஒன்றும் பின்னாலேயே நடந்து வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ ஈற்று. காளைக்கன்றுகள் போயின. ஒன்றிரண்டு நோயில் போயின. ஒன்றைச் சுடர்விழியின் காலேஜுக்காக ஒரத்தநாட்டுச் சந்தையில் விற்றுவிட்டு, அந்தப் பக்கம் பல நாள் போகாமல் இருந்தாள். இப்போது நிற்பது ஒன்றே ஒன்று. அதன் வயிற்றில் ஒன்று.

குழாய்கள் இரண்டும் வீட்டுக்கு வந்தது சித்திரை வெயிலில்.

ரெத்தினம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்குமாக ஓடி ஓடி, வீட்டில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நாள் வரைக்கும் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கிறது என்பார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் சுடர்விழி, அப்பா சும்மா இருந்தால் சுகர் ஏறிவிடும் என்று சின்னச் சின்ன மோட்டார்களும் பச்சைத் தகடுகளும் வாங்கி அனுப்பினாள். போனில் படம் பார்த்துப் பார்த்து அவர் ஒரு மெஷின் செய்ய ஆரம்பித்தார். தாளில் தானாகவே படம் வரையும் மெஷின். இரண்டு குழாய்கள் தண்டவாளம் மாதிரி கிடக்கும். அதன்மேல் குட்டிச் சக்கரம் வைத்த பலகை ஒன்று ஓடும். அதில் பேனாவைச் செருகியிருக்கும். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ராஜம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்று விசாரித்தாள்.

"என்னாண்ணே, ரயிலு வுடப்போறீங்களா?"

"படம் போடுற மெஷினு."

"படம் போட்டு?"

"போட்டுப் பாக்குறதுதான்."

"பாத்து?"

"பாத்து என்னா? சும்மாதான்."

"அத்தாச்சி, கேட்டீங்களா? அண்ணன் சும்மா இருக்க முடியாம, சும்மா ஒரு மெஷினு செய்றாராம்" என்று ராஜம்மாள் சிரித்துக்கொண்டே போனாள்.

காத்தாயியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. சும்மா. அவள் பிறந்த வீட்டில் யாரும் எதையும் சும்மா செய்ததில்லை. அப்பா கயிறு திரித்தால் அது மாட்டுக்கு. அம்மா பாட்டுப் பாடினால் அது நடவுக்கு. வேலை இல்லாத நாளில்கூட யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மனுஷர் கால் நீட்டி உட்கார்ந்து, ஒன்றுக்கும் உதவாத ஒன்றை, முகமெல்லாம் சந்தோஷமாகச் செய்கிறார். அதைப் பார்க்கையில் சில நேரம் எரிச்சல் வந்தது. சில நேரம் பக்கத்தில் போய் உட்காரலாம் போலிருந்தது. எது எப்போது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

குழாய்களை அவர் ஜாஃபர் சாதிக்கின் பழைய இரும்புக் கடையில் பார்த்து எடுத்து வந்திருந்தார். ஓடி முடித்து உடைக்க வந்த பஸ்ஸின் கம்பிகள். தலைக்குமேல், நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்கிற கம்பி. உள்ளது ஜி.ஐ. பைப்தான். மேலே துத்தநாகப் பூச்சு.

"கடையில புதுசு இல்லாததா?" என்று கேட்டாள்.

"புதுசுல என்னா இருக்கு? இதத் தொட்டுப் பாரு."

தொட்டாள். நடுப்பகுதி பூச்சு தேய்ந்து வழவழவென்று இருந்தது. அத்தனை கை பட்டிருக்கிறது. இரண்டு முனைகளிலும், யாரும் பிடிக்காத இடத்தில் மட்டும், பூச்சு சொட்டுச் சொட்டாக உறைந்து பரு பருவாக நின்றது.

"நான் வேல பாத்த டிப்போ வண்டிதான் இது. நீயே இதப் புடிச்சுக்கிட்டு நின்னுருப்ப, தெரியுமா? ஒங்கம்மா புடிச்சிருப்பாங்க."

அம்மா பிடித்திருப்பாள்தான். அம்மா பஸ்ஸில் உட்கார மாட்டாள். பால் கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, சீட்டு காலியாகக் கிடந்தாலும், கம்பியைப் பிடித்தபடி ஒரத்தநாடு வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். பக்கத்தில் காத்தாயியும் நிற்பாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்பதுதான். அந்தத் தடத்தில் புதிதாக வந்த ஒல்லிக் கண்டக்டர் ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார்: "ஏன் நின்னுகிட்டே வர்றீங்க? உக்காருங்க. டிக்கெட்டு எடுத்துருக்கீங்கல்ல." அம்மா, "இந்தா எறங்கிடுவேன் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கடைசி நிறுத்தம் வரை நின்றாள். மறுநாளும் அவர் சொன்னார். அதற்கு மறுநாளும். ஒரு நாள் அம்மா உட்கார்ந்தாள். ஜன்னலோரமாக, விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி. முகத்தில் காற்றடித்தது. அம்மாவின் முன்தலை முடி பறந்ததைக் காத்தாயி அன்றுதான் முதலில் பார்த்தாள். கண்டக்டர் எந்தத் தெரு, யார் மகன் என்றெல்லாம் பிறகுதான் விசாரித்தார்கள்.

"கேனுக்கு லக்கேஜு போடணும்னு வம்பு பண்ணுனீங்களே, அதச் சொல்லுங்க."

"நீ என்னா சொன்ன? கேனு என்ன சீட்டுலயா உக்காந்துருக்குன்னு கேட்ட. பஸ்ஸே சிரிச்சுது."

அந்தப் பருக்கள்தான் தொல்லையாகிவிட்டன. பலகை அதன்மேல் ஏறும்போதெல்லாம் துள்ளியது. பேனா கிறுக்கியது. வழவழப்பாக்கவேண்டும் என்று அவர் ஏ.சி. மெக்கானிக்கிடம் காஸ் டார்ச் இரவல் வாங்கிவந்தார். சத்தத்துக்கு மாடு மிரளுமே என்று நெல் மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முனைகளைச் சூடு காட்டிப் பூச்சை எரித்து, மீதியைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்தார். வெள்ளை வெளேரென்று புகை. வெளியே வந்தபோது, நாக்கில் இனிப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். சாயங்காலம் குளிர் தூக்கிப்போட்டது. வைகாசி வெயிலில் இரண்டு போர்வை கேட்டார்.

ஒரத்தநாட்டு டாக்டர் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுத் திட்டினார். துத்தநாகத்தைச் சுட்டால் வருகிற புகை. வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு வருகிற காய்ச்சல். தானாக விட்டுவிடும், ஆனால் இன்னொரு தடவை அந்தப் புகையை மூக்கில் ஏற்றினால் என்னிடம் வராதீர்கள் என்றார்.

சுடர்விழி போனில் அதற்கு மேல் திட்டினாள். "ஏம்ப்பா, கேக்காம செய்வீங்களா? சூடும் காட்டக் கூடாது, தூசியும் பறக்கவுடக் கூடாது. வினிகர் வாங்குங்க. ஒரு பிவிசி குழாய ஒரு பக்கம் மூடி போட்டு நிக்க வச்சு, அதுக்குள்ள பைப்ப எறக்கி வினிகர ஊத்துங்க. பூச்சு அதுவா கரைஞ்சுடும். மிச்சத்த ஈர உப்புத்தாள்ல தேய்ங்க. வெளியில உக்காந்து. மொகத்துல துணி கட்டிக்கிட்டு. ம்மா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. புளிப்புக்குக் கரையுங்குற. அது எனக்கே தெரியும். கல்யாணத்துக்கு வந்த ஜி.ஐ. வாளியில புளிச்ச கழனித்தண்ணிய ரெண்டு நாளு வச்சுட்டேன், வெள்ளையாப் பூத்து ஓட்டையாப் போச்சுல்ல."

அதைச் சொன்னது காத்தாயிதான்.

அந்த வாரமே திருவையாற்றில் தங்கை மகளுக்குச் சடங்கு. காத்தாயி போய்த் தங்கிவிட்டு வந்தாள். வந்தபோது குழாய்கள் மினுமினுப்பு போய்ச் சாம்பல் பூத்துச் சுவரில் சாய்ந்திருந்தன. அவர் எதில் ஊறவைத்தார் என்று அவள் கேட்கவில்லை. தொட்டியின் அடியில் கொஞ்சம் கழனித்தண்ணீர் கிடந்தது. வெள்ளையாக மண்டியிருந்தது. அரிசி களைந்த மாவு என்று நினைத்துக்கொண்டாள். அதன்மேல் அன்றைய கழுநீரை ஊற்றினாள். அடுத்தடுத்த நாளும் ஊற்றினாள். ரெத்தினம் அந்த நேரமெல்லாம் ஜாஃபர் கடையிலோ முருங்கையடியிலோ இருந்தார். மாடு குடித்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் அன்று பார்த்த டாக்டர் சின்னப் பெண். தஹ்மீனா என்று சட்டையில் எழுதியிருந்தது. முழங்கை வரைக்கும் உறை போட்டுக்கொண்டு மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னம்மா தீவனம் குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்குறதுதாங்க. வைக்கோலு, தவுடு, கழனித்தண்ணி."

"விசேஷ வீட்டுச் சோறு எதாச்சும்? நெறையாத் தின்னுட்டா இப்படித்தான் கழியும்."

"சாமி சத்தியமா இல்லீங்க. சோறெல்லாம் நான் போடவே மாட்டேன்."

"மருந்தடிச்ச புல்லு?"

"இல்லீங்க. வயலே இன்னும் காஞ்சு கெடக்கு."

"பெயிண்ட் டப்பா, பேட்டரி, அந்த மாதிரி எதையாவது நக்குச்சா? யோசிச்சுச் சொல்லுங்க."

காத்தாயி இல்லை என்று தலையாட்டினாள். பின்னாலிருந்து ரெத்தினம் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா... ஜி.ஐ. பைப்பு ரெண்ட மாட்டுத் தொட்டியில ஊறப்போட்டேங்க. கழனித்தண்ணியில. பூச்சு போறதுக்கு. எடுத்துட்டுத் தண்ணியெல்லாம் மொண்டு ஊத்திட்டேன்."

"எல்லாத்தையுமா?"

அவர் காத்தாயியைப் பார்க்கவில்லை. "அடித்தண்ணிய வுட்டுட்டேன்."

டாக்டர் கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "கரைஞ்சதெல்லாம் அடியிலதாங்க தங்கும்" என்றாள். "துத்தநாகம் கொஞ்சமா இருந்தா ஒடம்புக்கு வேணும். இப்புடிப் புளிப்புல கரைச்சுக் குடிச்சா வயித்தப் புண்ணாக்கிடும்." ஊசி போட்டாள். வாய் வழியாகக் குழாய் விட்டு வெள்ளை மருந்து ஏற்றினாள். குளுக்கோஸ் பாட்டில் இறங்கியது.

"கன்னுக்குட்டி?" என்று காத்தாயி கேட்டாள். அவ்வளவு நேரமாக நாக்கு நுனியில் வைத்திருந்தது அதுதான்.

"உயிர் இருக்கும்மா. ஆனா அசைவு ரொம்ப கம்மி. தாய் வாயால தண்ணி குடிக்கணும். பாட்டில்ல ஏத்துறது பத்தாது. குடிக்க ஆரம்பிச்சுட்டா ரெண்டும் தப்பிச்சுடும். குடிக்கலன்னா..." மேலே சொல்லாமல் உறையைக் கழற்றினாள். "தொட்டிய மொத்தமா கழுவிடுங்க. ஒரு சொட்டு பழைய தண்ணி இருக்கக் கூடாது."

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் மாட்டோடு இரண்டு பேரும் நின்றுகொண்டு வந்தார்கள்.

"மொத்தமாக் கொட்டித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள்.

ரெத்தினம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாப்பாநாட்டுச் சாலையில் தண்ணீர் வந்த வாய்க்கால்களில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதான கொட்டக் கூடாதும்ப" என்றார்.

உண்மைதான். கழனித்தொட்டியை ஒருபோதும் வறளக் கழுவக்கூடாது. அடித்தண்ணீர் இருந்தால்தான் மேலே ஊற்றுவது புளிக்கும், மாடு வாய் வைக்கும். அது அம்மா வீட்டுப் புளிப்பு. கல்யாணத்தன்று கன்றின் கயிற்றை ஒரு கையிலும், அம்மா தொட்டியிலிருந்து மொண்ட ஒரு சொம்புத் தண்ணீரை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்குள் வந்தாள். அந்தச் சொம்புத் தண்ணீர் அன்றிலிருந்து அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது. கல்யாணமான புதிதில், மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ரெத்தினம் ஒரு நாள் தொட்டியைக் கவிழ்க்கப் போனார். அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் அடித்தண்ணீரைத் தொட்டதே இல்லை.

இப்போதும் தொடவில்லை. அவளுக்காகத்தான் தொடவில்லை. கோபப்பட வேண்டும் என்று பார்த்தாள். கோபம் யார்மேல் போய் நிற்பது என்று தெரியாமல் அவள் மேலேயே வந்து நின்றது. வாளி ஓட்டையான கதையைச் சொன்னது யார்? வெள்ளையாக மண்டியதைப் பார்த்தும் மேலே ஊற்றியது யார்? ஆனால் அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, இந்தத் தொட்டியில்தான் ஊறப்போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதையும் நினைத்தாள். மாட்டின் முதுகில் கையை வைத்தபடி இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரெத்தினம் தொட்டியைக் காலிபண்ண வாளியை எடுத்தார்.

"வாய்க்காப் பக்கம் ஊத்தாதீங்க. தண்ணி வருது" என்றாள். அது ஒன்றுதான் சொன்னாள்.

அவர் தோப்பின் கோடியில், வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டாத மேட்டில் குழி வெட்டி அதில் கொண்டுபோய் ஊற்றி மூடினார். தொட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காயவிட்டார். உலர்ந்து வெளுத்த தொட்டியைப் பார்க்க, வீட்டில் யாரோ இல்லாமல் போனது மாதிரி இருந்தது.

பங்கு குடிக்கவில்லை. கழுவிய தொட்டியில் நல்ல தண்ணீர் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. புது பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிப் பையன் வந்து பாட்டில் ஏற்றிவிட்டுப் போனான். மருந்தைக் காத்தாயி மூங்கில் குழாய்க் கொட்டத்தில் ஊற்றி, தாடையை அண்ணாந்து பிடித்துப் புகட்டினாள். பாதி கடைவாயில் வழிந்தது. வலது விலாவில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசைகிற மாதிரி இல்லை. சில நேரம் அசைந்த மாதிரி இருந்தது. அது தன் கை நாடியாக இருக்கும் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

ரெத்தினம் கொட்டகைக்குள் வருவதில்லை. வெளியிலேயே நின்றார். கொட்டகை விளிம்பின் குறுக்கு மூங்கிலைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் வராத ஆள் மாதிரி. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார். முருங்கையடியில் மெஷின் சாக்கு மூடிக் கிடந்தது.

கழிச்சல் நின்ற அன்று காலையில் அவர் குழாய்கள் இரண்டையும் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"ஜாஃபர் கடைக்கி. எடுத்த எடத்துலயே போட்டுட்டு வந்துடுறேன்."

"அது என்னா பண்ணுச்சு?"

அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா புடிச்ச கம்பி அது."

"ஏ புள்ள, அதே வண்டியான்னு எனக்கே தெரியாது."

"நீங்கதான சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அவுத்து எறக்குங்க."

அவர் அவளைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "எனக்கு இனிமே அது வேணாம் காத்தாயி. சும்மா ஒண்ண ஆசப்பட்டு என்னாத்த கொண்டாந்து வுட்டுருக்கேன், பாத்தியா? நமக்கெல்லாம் அது சரிவராது."

அந்த 'நமக்கெல்லாம்' அவளைக் குத்தியது. ஜன்னலோரச் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. "இந்தப் பேச்சே பேசாதீங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "எறக்குங்க. ஒரு மொனையை நான் புடிச்சுக்கிறேன்."

வாசலில் காற்றோட்டமான இடத்தில், கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். சுடர்விழி அனுப்பியிருந்த ரப்பர் உறைகளைப் போட்டுக்கொண்டார்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டார்கள். அவள் தன் பக்கத்து முனையை மடியில் முட்டுக்கொடுத்து அழுத்திப் பிடித்தாள். அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, குழாயைச் சுற்றிப் பிடித்து, முன்னும் பின்னுமாக இழுத்தார். தூசி பறக்கவில்லை. சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி வந்ததைத் துணியில் துடைத்துத் துடைத்து ஒரு பையில் போட்டார். தாள் வறண்டால் நனைத்துக்கொண்டார். கரகரவென்ற சத்தம் நேரம் ஆக ஆக மெலிந்து, புடவை உரசுவது மாதிரி ஆனது.

ராஜம்மாள் தெருவில் நின்று பார்த்தாள். "என்னா, ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றாப்புல ரெண்டு பேரும் வாயக் கட்டிக்கிட்டு? மாடு தண்ணி குடிச்சுதா அத்தாச்சி?"

"இல்ல ராஜம். வாயே வைக்க மாட்டேங்குது."

"சுண்ணாம்பு வாட வருதோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள்.

"போச்சு. வழவழன்னு ஆயிடுச்சு" என்று ரெத்தினம் துணியால் துடைத்தார். காத்தாயி ஒரு கை உறையைக் கழற்றிவிட்டு, கழுவித் துடைத்த குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தடவினாள். பால் மடியில் கட்டி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"இங்க ஒண்ணு இருக்கு."

"எங்க? ஒண்ணும் தெரியலயே."

"இந்தா. இங்க."

அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் அங்கே தேய்த்தார். மறுபடி தடவினாள். இன்னொன்று சொன்னாள். அவர் தேய்த்தார். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. ஒன்றுக்கும் உதவாத வேலை. கடைசியில் தடவியபோது, முனையிலிருந்து நடுவுக்கு வந்த விரல்கள் எந்த இடத்தில் உப்புத்தாள் முடிந்து எந்த இடத்தில் மனுஷக் கைகளின் தேய்மானம் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போயின. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. உறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ராஜம்மாள் திரும்பி வந்தாள். கையில் ஒரு குடம், முந்தானையால் மூடியிருந்தது.

"அத்தாச்சி, இதத் தொட்டியில ஊத்திப் பாருங்க."

"என்னாது?"

"கழனித்தண்ணி. எங்க தொட்டி அடித்தண்ணி."

காத்தாயி எழுந்து நின்றாள்.

"என்னா அப்புடிப் பாக்குறீங்க? ஒங்க தண்ணிதான். நான் கல்யாணமாயி வந்தப்ப எங்க தொட்டி புளிக்கவே மாட்டேன்னுச்சு. நீங்கதான ஒரு சொம்பு மொண்டு குடுத்தீங்க? அதுதான் இன்னம் ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு இம்புட்டு நாளும் தோணல பாருங்க. இப்ப தவுடு கலக்கையில தோணுச்சு, ஓடியாந்தேன்."

காத்தாயி குடத்தை வாங்கிக்கொண்டாள். மூடியிருந்த துணியை விலக்கியதும் வாசனை வந்தது. அம்மா வீட்டுக் கொட்டகை, சாணி மெழுகிய தரை, நனைந்த தவிடு, அம்மாவின் முழங்கை. எல்லாம் அதில் இருந்தது. அவள் குடத்தோடு கொட்டகைக்கு நடந்தாள்.

தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தது. அதில் குடத்தைச் சாய்க்கப் போனாள்.

"இரு" என்றார் ரெத்தினம். உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவர், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். விழுங்கினார். "நாக்குல இனிப்பு ஒட்டல" என்றார். "ஊத்து."

"அத்தாச்சி, அண்ணனுக்குத் தவுடும் கலக்கவா?" என்றாள் ராஜம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜம்மாள்கூடச் சிரிக்கவில்லை. காத்தாயி ஊற்றிக் கலக்கினாள். பங்கின் காது முதலில் திரும்பியது. பிறகு கழுத்து. மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்து முகர்ந்தபடியே நின்றது. அதன் மூச்சில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. தலையைத் தூக்கி, மூவரையும் விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தது. அப்புறம் வாயை உள்ளே இறக்கி உறிஞ்ச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. தொண்டையில் உருண்டை உருண்டையாகத் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

ராஜம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுப்புல ஒல வச்சுட்டு வந்தேன்" என்று போய்விட்டாள்.

குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் கன்று உதைக்கும். காத்தாயி வலது விலாப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். காத்திருந்தாள். மாடு குடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து, வெகு தூரத்திலிருந்து வருவது போல, ஒரு முட்டி நகர்ந்து அவள் கையில் இடித்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ரெத்தினம் பழைய இடத்திலேயே, கொட்டகை விளிம்பில் குறுக்கு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏன் நின்னுகிட்டே இருக்கீங்க?" என்றாள். "வந்து உக்காருங்க."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாளெல்லாம் உறைக்குள் வேர்த்து வெளுத்திருந்த அவர் கையை எடுத்து விலாவில் வைத்து, மேலே தன் கையையும் வைத்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

உதைத்தது. இந்த முறை நன்றாகவே உதைத்தது, கையைத் தள்ளிவிடுகிற மாதிரி.

ரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். பழைய பழக்கத்தில், தனக்கு மட்டும் கேட்கிற குரலில், "போலாம்... ரைட்" என்றார்.

காத்தாயி வாய்விட்டுச் சிரித்தாள். மாடு அரைத் தொட்டியில் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு மீதியையும் குடிக்கக் குனிந்தது.

"போதும், போதும்" என்று அதன் முகத்தை மெல்லத் தள்ளினாள். "அடித்தண்ணி இருக்கட்டும்."